உச்சி வெயிலில் பல்லியின் முதுகு வெளுத்துப்போகிறதா?

வணக்கம் நண்பரே. மொரீஷியஸின் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் நண்பகலில் எடுத்த பகல் பல்லிப் (பகலில் நடமாடும் பச்சைப் பல்லி) படங்களில் முதுகு வெள்ளைத் திட்டாகவும் வயிறு கறுப்பாகவும் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் குறை இல்லை. உச்சி வெயிலும் நிழலும் ஒரே படத்தில் இருந்தால் எந்தக் கேமராவும் திணறும்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, 2/3 முதல் 1 ஸ்டாப் வரை (1 ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுங்கள். இருண்ட இடத்தை அப்புறம் ஓரளவு தூக்கலாம், வெளுத்தது வெளுத்ததுதான்.

அதைவிட நல்லது நிழல். மெல்லிய வெள்ளைத் துணியை வெயிலுக்கும் பல்லிக்கும் நடுவே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள், மெதுவாக. பளபளப்பு அடங்கியதும் பச்சை முதுகின் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும், அவ்வளவு அழகு! பல்லி இருக்கும் தாழை மடல் மின்னினால், லென்ஸில் மாட்டும் போலரைசர் என்ற பளபளப்பு குறைக்கும் வடிகட்டியைச் சுழற்றுங்கள்.

முடிந்தால் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். குளிரில் மங்கிக் கிடக்கும் பல்லி, வெயில் காய்ந்ததும் நிறம் திறக்கும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். அந்த நொடிக்குக் காத்திருங்கள்.

படத்துக்காகப் பிடித்து இடம் மாற்றிவிடாதீர்கள், வால் கழன்றுவிடும்.