மறுத்தது யார்?

வணக்கம் சார். எங்கள் நோட்.ஜேஎஸ் சர்வர், இணைப்பை மறையாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸில் 1.2-க்குக் கீழே எதையும் ஏற்காதபடி மின்வெர்ஷன் (குறைந்தபட்ச வெர்ஷன்) வைத்திருக்கிறேன். 1.1-ல் கனெக்ட் செய்தால் எரர் வருகிறது, டெஸ்ட் பாஸ். செல்ஃப்-சைன்டு (நாங்களே கையெழுத்திட்ட) சான்றிதழ் என்பதால், நம்பகமற்ற சான்றிதழை மறுக்கும் ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டை டெஸ்டில் மட்டும் ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறேன். இது போதுமா? டெஸ்ட் எழுத ஜெஸ்ட் நல்லதா, மோக்கா நல்லதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜெஸ்டா மோக்காவா என்பதை உங்கள் டீமில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வெர்ஷனில் போய் முட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். பலர் செட்டிங்கை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். ஆனால் "எரர் வருகிறது" என்கிறீர்களே, அந்த எரரை ஒரு தடவையாவது படித்தீர்களா?

நோட் 12 முதல், இணைய வரும் பக்கமான க்ளையன்டுக்கும் இயல்பான குறைந்தபட்சம் 1.2தான். நீங்கள் க்ளையன்டின் மேக்ஸ்வெர்ஷனை (உச்ச வெர்ஷனை) மட்டும் 1.1 ஆக்கினால் அதற்குப் பேச ஒரு வெர்ஷனும் மிஞ்சாது. 'நோ புரோட்டோகால்ஸ் அவெய்லபிள்' என்று தானே விழுந்துவிடும். இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியான ஹலோகூடச் சர்வருக்குப் போயிருக்காது. சர்வரில் 1.2-ஐ 1.0 என்று மாற்றி ஓட்டுங்கள், அப்போதும் டெஸ்ட் பச்சைதான், அதாவது பாஸ்தான்.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். நோட் 14 ஓடிக்கொண்டிருந்த காலம். பச்சைத் திரையைக் காட்டி, 'பழைய வெர்ஷன்கள் தடுக்கப்பட்டுள்ளன' என்று ஆடிட் கோப்பில் கையெழுத்தும் போட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஜூனியர் பெண் கேட்டாள்: "சார், டிஎல்எஸ்க்ளையன்ட்எரர் சர்வர் லாகில் ஒரு தடவைகூட வரலையே?" டிஎல்எஸ் இணைப்பு தோற்றால் சர்வரில் எழும் நிகழ்வு அது. தேடிப் போனால், ஏதோ பழைய கருவிக்காக மின்வெர்ஷனை 1.0-க்கு இறக்கி வைத்திருந்தது. அந்த மாற்றத்தைப் பதிவு செய்த கமிட்டில் இருந்தது என் பெயர்.

ஆகவே, க்ளையன்டில் மின்வெர்ஷன், மேக்ஸ்வெர்ஷன் இரண்டையுமே 1.1 ஆக்குங்கள். நோட் 17 அல்லது அதற்கு மேல் என்றால் அதன் டிஎல்எஸ் வேலையைச் செய்யும் லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஆக இருக்கும், சைஃபர்ஸ் (மறையாக்க முறைகள்) ஆப்ஷனில் செக்லெவலையும் (பாதுகாப்பு மட்டத்தையும்) 0 ஆக்க வேண்டும். சர்வர் பக்கம் டிஎல்எஸ்க்ளையன்ட்எரர் வந்ததா என்று பாருங்கள். அப்புறம் சர்வரையும் அதே அளவுக்குத் தளர்த்தி, அதே க்ளையன்ட் உள்ளே நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் உங்கள் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.

ஆமாம், அந்த ஃபால்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை எழுதும்போது கை கூசவில்லையா? எந்தச் சான்றிதழை நம்ப வேண்டும் என்று க்ளையன்டுக்குச் சொல்லும் சிஏ ஆப்ஷனில் உங்கள் சான்றிதழையே கொடுத்தால் வேலை முடிந்தது. ஹோஸ்ட்நேம் பொருந்தவில்லை என்று எரர் வந்தால் லோக்கல்ஹோஸ்ட் பெயரைச் சேர்த்துச் சான்றிதழை மறுபடி உருவாக்குங்கள். பயந்துபோய்த் திரும்ப ஃபால்ஸ் போட்டுவிடாதீர்கள்.