அடாப்டர் வாங்குங்கள், கசகசாவை வீட்டிலேயே விடுங்கள்

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். கடையில் யுனிவர்சல் அடாப்டர், கழுத்துத் தலையணை, துணி அடுக்கும் பைகள், பூட்டு, பவர் பேங்க் என்று 6,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் அவசியமா?

பதில்: அடாப்டரும் பவர் பேங்கும் அவசியம். மற்றவை கடைக்காரருக்கு அவசியம்.

இரண்டு நாடுகளிலும் சுவரில் இருப்பது பட்டையான மூன்று கால் பிளக்குக்கான துளை. நம் உருண்டைக் கால் அதில் சரியாகப் பொருந்தாது. மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட் அளவுதான். அதனால் வோல்டேஜ் மாற்றும் கருவி என்று எதையாவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். (ஜப்பான் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே 100 வோல்ட். நம் ஊர் கெட்டிலில் தண்ணீர் சுடுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.) ஐந்தாறு நாட்டுக் கால்கள் உள்ளே வெளியே போய்வரும் யுனிவர்சல் ரகத்தை விட, பட்டைக் கால் மட்டும் உள்ள சாதாரண அடாப்டரே என் தேர்வு. ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. ஒன்று போதும்; வீட்டில் இருக்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதில் செருகினால் நாலு போனும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது மேலே அச்சிட்டிருக்கும் வாட்-அவர் (Wh) எண்ணைப் பாருங்கள். 100 வரை கேபின் பையில், அதாவது கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பையில் அனுமதி. எண் இல்லாவிட்டால் மில்லி ஆம்பியரை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. ஆனாலும் எழுத்து அழிந்துபோன பழசை எடுத்துப் போய்ப் பாதுகாப்புச் சோதனையில் மல்லுக்கட்ட வேண்டாம். கவுண்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் வைக்கவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் தடை. போனை வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கழுத்துத் தலையணையா? சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம்தான். ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் ஆயிற்று. துணி அடுக்க, புடவைக்கடையில் கொடுத்த ஜிப் கவர்கள் அலமாரியில் கிடக்குமே, அவையே போதும். புதுப் பெட்டி வாங்குவதாக இருந்தால் மட்டும் காலிப் பெட்டியின் எடையைக் கேளுங்கள். பல விமானங்களில் கேபின் பைக்கு 7 கிலோதான்; பெட்டியே மூன்றரை கிலோ என்றால் உள்ளே என்ன வைப்பீர்கள்? எடைபோடும் கருவியும் வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். மறந்துபோனது எதுவானாலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், முஸ்தஃபா சென்டரில் கிடைக்கும்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வீட்டில் அரைத்த குருமாப் பொடி, ஊறுகாய், கொப்பரை, என் தூக்க மாத்திரை எல்லாம் எடுத்துப் போகலாமா?

பதில்: அம்மா, அந்தக் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா? இருந்தால் வேண்டவே வேண்டாம். ஓபியம் செடியின் விதை அது. மார்ஃபின் கலந்திருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. ‘சமையலுக்குத்தான்’ என்ற விளக்கம் எடுபடாது. முந்திரி போட்டு அரைத்துக் கொடுங்கள், குருமா ஒன்றும் கெட்டுவிடாது.

கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. ஊறுகாயை இரண்டு கவர் போட்டுக் கட்டி செக்-இன் பெட்டியில் வையுங்கள். கையில் கொண்டுபோனால், 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மாட்டும். தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கும், கோடீன் கலந்த மருந்துகளுக்கும் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். மாத்திரையின் பெயரை மகளிடம் சொல்லி இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும், அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வருகை அட்டைக்கு ஓர் இணையதளம் ஆளுக்கு 3,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அது இலவசம். சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வருவதைத் தொடாதீர்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் இலவசம்தான். விசா தனி விஷயம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஊர் திரும்பிய மறுநாள்தான் பெட்டியின் ஓரம் பிளந்திருப்பதைப் பார்த்தேன். விமான நிலையத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று விமான நிறுவனம் கைகழுவுகிறது.

பதில்: அங்கேயே சொல்லி ரசீது வாங்கியிருந்தால் வேலை சுலபம், உண்மைதான். ஆனால் அதோடு உரிமை போய்விடாது. சர்வதேச விமானப் பயணத்துக்கான, இந்தியாவும் ஏற்றுள்ள மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரலாம். ‘பெட்டியே தரமில்லாதது’ என்று அவர்கள் வாதாடக்கூடும். அதனால் வாங்கிய ரசீது, பெட்டியில் ஒட்டிய டேக், போர்டிங் பாஸ், பிளந்த இடத்தின் படம் எல்லாவற்றையும் இணைத்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.