ஆக்டேவியா 1.8 டர்போவை ரீபில்டு செய்யும்போது எந்த கனெக்டிங் ராடு வாங்கலாம்?

கேள்வி: என்னுடைய பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 டர்போ எஞ்சினை ரீபில்டு செய்யப் பிரித்துப் போட்டிருக்கிறேன். டர்போவையும் பெரிதாக்க ஆசை. கம்பெனி கனெக்டிங் ராடையே (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) திரும்பப் போடலாமா, வெளியே விற்கும் வலுவான ஃபோர்ஜ்டு ராடு வாங்க வேண்டுமா? வாங்கினால் ஐ-பீமா, ஹெச்-பீமா?

பதில்: ராடின் குறுக்குவெட்டு ஐ வடிவமா ஹெச் வடிவமா என்பதைக் கடைசியில் பார்ப்போம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் எந்த டர்போ, எத்தனை ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) என்பதை முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் ராடு வாங்குவது மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் சட்டை தைப்பது போலத்தான்.

ராடு விற்பவர்கள் எல்லோரும் 'இத்தனை குதிரைத்திறன் தாங்கும்' என்று போடுகிறார்கள். ராடுக்குக் குதிரைத்திறன் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே சுமை: மேலிருந்து எரிவாயு (சிலிண்டரில் எரிந்து விரியும் வாயு) அழுத்துவது ஒன்று, பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ராடைப் பிடித்து இழுப்பது இன்னொன்று.

உங்கள் எஞ்சினின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86.4 மிமீ, ராடின் நீளம் மையத்துக்கு மையம் 144 மிமீ. பூஸ்டு (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றிய எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் உச்சத்தில் 100 பார் வரை போகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் விழும் சுமை சுமார் 5 டன். இது ராடை நசுக்கப் பார்க்கும். அடுத்து இழுவை. பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு கோக்கும் சிறு தண்டு), ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7000 ஆர்பிஎம்மில் அந்த 600 கிராம் ராடை இழுக்கும் விசை 1.8 டன்னுக்கு மேல். 8000 ஆர்பிஎம்மில் அதுவே 2.4 டன். ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவதால்தான் வெறும் ஆயிரம் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எரிப்பு நடக்கிற நேரத்தில் இந்த இரண்டு விசையும் எதிரெதிர் திசை. 7000 ஆர்பிஎம்மில் எரிவாயு கீழே தள்ளும்போது பிஸ்டனின் இழுவை அதில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் அந்த இழுவை முந்நூற்றுச் சொச்சம் கிலோதான், எனவே எரிவாயுவின் சுமை ஏறக்குறைய முழுதாக ராடின் மேல் இறங்குகிறது. 1.8 டர்போவின் ராடுகள் வளைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சின்ன டர்போ, அதிக பூஸ்டு, 3000 ஆர்பிஎம்மிலேயே பொங்கும் டார்க், டாப் கியரில் ஒரு மிதி. 350-400 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் கம்பெனி ராடை நம்ப முடியாது என்பது இந்த எஞ்சினை நோண்டுகிறவர்கள் மத்தியில் பொதுவான கருத்து. எனக்கும் அதே கருத்துதான்.

ஆகவே கே04 (உங்கள் கம்பெனி டர்போவைவிட ஒரு படி பெரியது) அளவு டர்போவோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால், கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை மெதுவாக ஏற்றும்படி டியூன் செய்து கம்பெனி ராடையே வைத்துக்கொள்ளுங்கள். ஆடி டிடி, எஸ்3 கார்களில் இந்த எஞ்சின் குடும்பத்தை கே04 டர்போவோடு 225 குதிரைத்திறனுக்குக் கம்பெனியே விற்றிருக்கிறது. மிச்சமாகும் பணத்தை கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் போடலாம். அதற்கு மேல் போவதாக இருந்தால் ஃபோர்ஜ்டு ராடு கட்டாயம். எஞ்சின் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும்போது அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

எந்த முடிவுக்கு வந்தாலும், எஞ்சின் இன்னும் முழுதாகக் கழன்றிருக்காவிட்டால் ஒரு வேலை செய்யுங்கள். நான்கு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்தளத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் அந்த ராடு வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரியும்.

இனி வாங்கும் விஷயம். முதலில் பிஸ்டன் பின்னின் அளவு. ஆண்டையும் எஞ்சின் குறியீட்டையும் பொறுத்து இந்தக் குடும்பத்தில் 19 மிமீ, 20 மிமீ என இரண்டு பிஸ்டன் பின்கள் உண்டு. இணையத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து ஆர்டர் போடுங்கள். பிஸ்டனையும் மாற்றுகிறீர்கள் என்றால் 20 மிமீக்குப் போய்விடுங்கள்.

உலோகம் 4340 குரோம்-மாலி ஸ்டீல். நம்மூர் லேத் பட்டறைகளில் இஎன்24 என்று சொல்வது ஏறக்குறைய இதே வகைதான். அதனால் 'நானே பில்லட்டில் (முழு உலோகக் கட்டியில்) செய்து தருகிறேன்' என்று சொல்பவர்கள் கோவையில் கிடைப்பார்கள். செய்யவும் முடியும். ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட், ஷாட் பீனிங் (சிறு உருண்டைகளை அடித்து மேற்பரப்பை வலுவாக்குவது), விரிசல் சோதனை மூன்றுக்கும் காகிதம் கேளுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். டைட்டானியம் 1990இன் ஹோண்டா என்எஸ்எக்ஸிலேயே வந்துவிட்டது, அழகான பொருள், உங்களுக்குத் தேவையில்லை. அலுமினிய ராடு டிராக் ரேஸ்காரர்களுக்கு.

ராடு உடைவதைவிட போல்ட் விட்டுக்கொடுப்பதுதான் எனக்குப் பயம். மேலே சொன்ன இழுவை முழுவதையும் தாங்குவது ஒரு ராடுக்கு இரண்டு போல்ட்கள்தான். மலிவு செட்களில் பெரும்பாலும் ஏஆர்பி (அமெரிக்க போல்ட் நிறுவனம்) 8740 வரும், கொஞ்சம் கூடக் கொடுத்து ஏஆர்பி 2000 போட்டு வாங்குங்கள். அவர்களுடைய எல்19 இன்னும் வலுவானதுதான், ஆனால் ஈரமும் வியர்வைக் கையும் பட்டாலே கெடுகிற ரகம், நம்மூர் பட்டறைக்கு ஒத்துவராது. போலி ஏஆர்பியும் சந்தையில் இருப்பதால் போல்ட்டைத் தனியாக மலிவு விலைக்குத் தேடாதீர்கள். மாட்டும்போது வெறும் டார்க் ரெஞ்ச்சை நம்பாமல் ஸ்ட்ரெட்ச் கேஜ் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு போல்ட் நீள்கிறதா என்று பாருங்கள். போல்ட் மரையில் தடவும் எண்ணெய் மாறினால் டார்க் கணக்கும் மாறிவிடும், நீளம் பொய் சொல்லாது.

பழைய ராடிலேயே ஏஆர்பி போல்ட் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், பிக் எண்டைத் (ராடின் கிராங்க் பக்க வளையம்) திரும்ப ஹோனிங் செய்து வட்டமாக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இறுக்கும் விசை மாறும்போது வட்டம் வட்டமாக இருக்காது.

சரி, ஐ-பீம், ஹெச்-பீம். மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஹெச், மெஷினிங் எளிது என்பதும் ஒரு காரணம். நசுங்கும் சுமைக்கு நல்ல வடிவமைப்புள்ள ஐ-பீம் கொஞ்சம் மேல் என்பேன். ஆனால் நல்ல ஹெச்-பீம் மோசமான ஐ-பீமைத் தோற்கடிக்கும். உங்கள் எஞ்சினுக்கு ஸ்காட், ஈகிள், இன்டகிரேட்டட் எஞ்சினியரிங், பாட்டர், கரில்லோ என்று பல விலைகளில் கிடைக்கும். 400 குதிரைத்திறனுக்குள் என்றால் நடுத்தர விலையே போதும்.

பெட்டி வந்ததும் நேராக மாட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்த செட்டில் மூன்று ராடு கச்சிதம், நான்காவதில் ஸ்மால் எண்டு (பிஸ்டன் பக்க முனை) புஷ் பிஸ்டன் பின்னுக்குத் தளர்வு. எடையைத் தராசில் போட்டுப் பாருங்கள், நான்குக்கும் இடையே ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது, இரண்டு முனைகளும் தனித்தனியாக ஒத்துப்போக வேண்டும். பேரிங் போட்டு, போல்ட்டை முழுதாக இறுக்கி, போர் கேஜால் அளக்க வேண்டும். கிராங்க் ஜர்னல் (ராடு மாட்டும் பகுதி) சுமார் 47.8 மிமீ என்பதால் அதற்கும் பேரிங்குக்கும் 0.05 மிமீயை ஒட்டி இடைவெளி இருந்தால் சரி. இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்கள் உண்டு. அகலமான ராடு அதில் உரசுகிறதா என்று, ஆயில் சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) மூடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சம்ப்பைக் கழற்றியிருக்கும்போதே ஆயில் பிக்கப்பின் (எண்ணெயை உறிஞ்சும் குழாய்) வலையையும் மாற்றிவிடுங்கள். இந்தக் குடும்ப எஞ்சின்களில் எண்ணெய் வண்டலாகி அந்த வலை அடைபடும். எண்ணெய் வரவில்லை என்றால் கரில்லோ ராடாக இருந்தாலும் பேரிங் போய்விடும்.