மாமியார் ஜோக்கில் மாட்டியவருக்கு

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மாமியார் ஜோக் போட்டதும் பெரியவர் ஒருவர் கோபித்து வெளியேறிவிட்டார், இனி சிரிப்பே வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழுவில் நீளமாக மன்னிப்பு எழுதாதீர்கள், அதற்குப் பஞ்சாயத்துப் பண்ண நாலு பேர் வருவார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் ஒரு வார்த்தை பேசுங்கள், காபி கொடுத்தாரென்றால் சரி, முடிந்தது.

அப்புறம், ஆளை வைத்துச் சிரிக்காமல் எல்லாரும் படுகிற பாட்டை வைத்துச் சிரியுங்கள். மே மாத அக்னி நட்சத்திரம் இருக்கிறது, ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் பக்கம் பைக்கை நிறுத்த இடம் தேடி அலைவது இருக்கிறது. ‘மாடித் தொட்டித் தண்ணீரில் அரிசியைப் போட்டேன், சோறாகிவிட்டது’ என்று எழுதினால் யார் கோபிக்கப் போகிறார்? அல்வா ஜோக் மட்டும் வேண்டாம், வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி நமக்குப் புளித்துவிட்டது.