ஏற்காடு ஏறும்போது மஸ்டாங்கில் ‘டிக் டிக்’ சத்தம்: ரீமேப்பை எடுத்துவிடலாமா?

வாசகர் கேள்வி: “சேலத்தில் இருக்கிறேன். 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரைப் பெங்களூருவில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். அவர் கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மாற்றுக் குழாயும் ஃபில்டரும்) போட்டு, அமெரிக்காவிலிருந்து வாங்கிய டியூன் ஃபைலை (இன்ஜின் கம்ப்யூட்டருக்கான ரீமேப் சாஃப்ட்வேர்) ஏற்றியிருக்கிறார். ‘91 ஆக்டேன் ஃபைல்தான், நம்ம ஊர் பெட்ரோலுக்கே சரியா இருக்கும்’ என்றார். பெங்களூருவில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே வெயில் நேரத்தில் ஏற்காடு ஏறினால், அடிவாரம் தாண்டியதும் இன்ஜினில் கூழாங்கல் குலுக்குவதுபோல ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. மேலே போனதும் நின்றுவிடுகிறது. கம்பெனி ஃபைலுக்கே மாறிவிடலாமா? இல்லை, இந்த டியூனோடு சேலத்தில் காலம் தள்ள முடியுமா?”

டியூனோடு தாராளமாகக் காலம் தள்ளலாம், இந்த டியூனோடு முடியாது. சத்தத்துக்குக் காரணம் தெரியும்வரை மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் ‘நாக்’ சத்தம்தான். பொறுத்துக்கொண்டு ஓட்டக்கூடிய சத்தம் அல்ல அது.

பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து கிளம்பி, சிலிண்டருக்குள் இருக்கும் கலவையை வரிசையாக எரித்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தமும் சூடும் அளவுக்கு மிஞ்சினால், தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்வுதான் உங்கள் காதில் விழுவது. எப்போதாவது ஒன்றிரண்டு முறை என்றால் இன்ஜின் தாங்கும். ஏற்றத்தில் தொடர்ந்து நடந்தால், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு முதலில் உடையும். இந்த 5.0 லிட்டர் வி8-ன் கம்ப்ரெஷன் 11:1, அதாவது கலவையைப் பதினொன்றில் ஒரு பங்காக அழுத்துகிறது. டர்போ இல்லாவிட்டாலும், மோசமான பெட்ரோலை மன்னிக்கிற இன்ஜின் இல்லை இது.

முன்னாள் உரிமையாளர் சொன்ன ‘91’ என்ற எண்ணில்தான் சிக்கல் தொடங்குகிறது. அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது நாக் வராமல் தாங்கும் திறனை, ‘ரான்’ என்ற அளவில் சொல்கிறோம். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் எழுதியிருப்பது ‘ஏ.கே.ஐ.’. அது ரான், மான் என்ற இரண்டு சோதனைகளின் சராசரி. ஒரே பெட்ரோலை இரண்டு வகையிலும் அளந்தால், அமெரிக்க எண் நம் எண்ணைவிட நாலைந்து குறைவாக வரும். அவர்களின் 91 என்பது இங்கே ஏறத்தாழ 95, 96. அவர்களின் 93 என்பது நமக்கு 97, 98. நமக்கு வெகுநாளாகப் பழக்கமான 91 ரான் சாதா பெட்ரோலோ அவர்கள் கணக்கில் 87, அதாவது அங்கே சாதா கிரேடு. 95 கேட்கும் ஃபைலை 91-ஐ நம்பி ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதே, எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகமாயிற்றே என்று கேட்பீர்கள். உண்மைதான், எத்தனால் ‘நாக்’ வராமல் தடுக்கும். ஆனால் அந்த உபரியைக் கைக்காவலாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே நம்பிப் பிளக் பொறி விடும் நேரத்தை ஃபைலில் முன்னால் தள்ளி எழுதக் கூடாது. எத்தனால் கலந்தால் கலவை விகிதமும் மாறும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 அளவில் போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். வேறு கோளாறு ஏதும் ஏற்கெனவே இருந்தால்தான் இந்தச் சுமையும் சேர்ந்து தலைவலியாகும்.

சரி, அதே தவறான பெட்ரோலில் பெங்களூருவில் ஏன் சத்தம் வரவில்லை? விடை மலையில் இருக்கிறது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சேலம் 280 மீட்டருக்குப் பக்கம். ஏற்காடு 1,500 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். சேலத்தோடு ஒப்பிட்டால் பெங்களூருவில் ஏழு சதவீதம், ஏற்காட்டில் பதின்மூன்று பதினான்கு சதவீதம் அளவுக்குக் குறைவு. காற்று குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், நாக் அடங்கிவிடும். பெங்களூருவின் மெல்லிய காற்றும் குளிர்ச்சியும் இந்த ஃபைலின் குறையை மறைத்திருக்கின்றன. சேலத்துக்குக் கொண்டுவந்ததும் கனமான காற்று, அதோடு நாற்பது டிகிரியை எட்டும் சித்திரை வெயில். கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை வெயிலில் காய்ந்து, உடனே முதல் கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜினுக்குச் சுமை ஏறுகிறது. நாக் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் காற்று மெலிந்து குளிர்ந்துவிடுவதால் சத்தம் நின்றுவிடுகிறது. நீங்கள் எழுதியதோடு ஒவ்வொன்றும் பொருந்துகிறது.

இங்கே இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் நல்ல டியூன் தருவது இருபது, முப்பது குதிரைத்திறன். இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடி 401 பிஎஸ். ஏற்காட்டின் மெல்லிய காற்று அதில் ஐம்பதுக்கு மேல் தின்றுவிடும். டைனோவில் (காரின் சக்தியை அளக்கும் இயந்திரம்) பெரிய எண் வரவேண்டும் என்பதற்காக ஓரம்வரை இழுத்து எழுதிய ஃபைல், மலை உச்சியில் உங்களுக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை, மலையடியில் பிஸ்டனை மட்டும் பணயம் வைக்கிறது. ஒரு டியூனின் தரம் அதன் உச்ச எண்ணில் இல்லை, மோசமான நாளுக்கென்று எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கம்பெனி ஃபைலுக்கு மாறுவது பற்றிக் கேட்டீர்கள். மாறலாம், ஆனால் ஃபைலை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். இந்தக் காரில் உள்ளே போகும் காற்றை அளப்பது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறினால், அதே சிக்னலுக்கு உண்மையில் போகும் காற்றின் அளவும் மாறும். கோல்ட் ஏர் இன்டேக்குகள் பலவற்றில் அந்தக் குழாய் பெரிது, அதற்கேற்பத் திருத்திய அட்டவணை டியூன் ஃபைலில் இருக்கும். பெரிய குழாயை அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனி ஃபைலை ஏற்றினால், வருகிற காற்றைக் கம்ப்யூட்டர் குறைத்துக் கணக்கிட்டுப் பெட்ரோலையும் குறைத்துத் தெளிக்கும். ‘நாக்’ சத்தத்திலிருந்து தப்பிக்கப் போய் அதைவிட மோசமான இடத்தில் நிற்பீர்கள். கம்பெனி ஏர்பாக்ஸும் ஃபைலும் ஒன்றாகவே திரும்ப வேண்டும். டியூன் தேவைப்படாத இன்டேக் வகைகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று அதன் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள்.

இன்டேக் ஃபில்டர் எண்ணெய் தடவிய பருத்தி வகை என்றால், கழுவிவிட்டு அதிகமாக எண்ணெய் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்தால் அளவே பிசகிவிடும். லாரியும் தூசியுமாக இருக்கும் நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஓடும் காருக்குக் காகித ஃபில்டர்தான் என் தேர்வு.

அடுத்து, காரை விற்றவருக்கு இன்றே போன் செய்யுங்கள். டியூன் ஏற்றிய கையடக்கக் கருவி அவரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அந்தக் கருவி உங்கள் காரின் சேஸி எண்ணோடு பூட்டிக்கொண்டிருக்கும். காரின் ஒரிஜினல் ஃபைலும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சர்வீஸ் சென்டரில் சொல்லிக் கம்பெனி ஃபைலை ஏற்றிக்கொள்ளலாம். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: சர்வீஸுக்கு விடும்போது டியூன் இருப்பதைச் சொல்லாவிட்டால், அவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு உங்கள் டியூனை அழித்துவிடக்கூடும், இன்டேக் மட்டும் மிஞ்சும். எந்த ஃபைலை ஏற்றினாலும் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். பாதியில் மின்னழுத்தம் இறங்கினால் கம்ப்யூட்டர் செயலிழந்துவிடலாம்.

பெட்ரோல் விஷயத்தில் என் ஆலோசனை இது. இப்போதைக்கு இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 போன்ற 95 ஆக்டேன் பெட்ரோலை மட்டும் போடுங்கள். எக்ஸ்பி100 சில நகரங்களில் தேர்ந்தெடுத்த பங்குகளில்தான் கிடைக்கும், அதை நம்பி ஒரு ஃபைலை எழுதிக்கொண்டால் ஊர் விட்டு ஊர் போகும்போது தவிப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது சேலத்தில் எந்த நாளும் கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல். ஏறத்தாழ 60 லிட்டர் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு ஆக்டேன் குறைந்த பெட்ரோல் கலந்துவிட்டால், சராசரி இறங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மலைமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாமல் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள் வேண்டாம். ‘30 பாயின்ட் ஏறும்’ என்று அட்டையில் போட்டிருந்தால், ஒரு பாயின்ட் என்பது 0.1 ஆக்டேன். ஏறுவது மூன்றுதான். மாங்கனீஸ் கலந்த வகைகள் பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்து, வேறு தொல்லையைக் கொடுக்கும்.

கார் வாரக்கணக்கில் நிற்குமானால் டேங்கை நிரப்பி வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். காலி டேங்கில் காற்று அதிகம், ஈரமும் அதிகம். மழைக்காலத்தில் ஏற்காட்டிலேயே காரை விட்டு வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஓட்டும் விதத்திலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ‘டி’-யில் விட்டால் கியர்பாக்ஸ் சீக்கிரமே மேல் கியருக்குப் போய், இன்ஜின் 1,500 சுற்றில் திணறிக்கொண்டு இழுக்கும். ‘நாக்’ வருவதற்கு மிகவும் ஏற்ற நிலை அது. மலைப்பாதையில் ‘எஸ்’ மோடில் வைத்து, பேடிலால் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே நிறுத்தி, சுற்றைக் கூட்டி ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஏறுங்கள். இறங்கும்போதும் இரண்டாவது கியர் பிரேக்கைக் காப்பாற்றும். மே மாதக் கோடை விழா நெரிசலில் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏற நேர்ந்தால், இன்டேக் காற்றே அறுபது டிகிரியைத் தாண்டிவிடும். நெரிசல் விலகியதும் உடனே அழுத்தி மிதிக்காமல், சிறிது தூரம் மெதுவாக ஓடவிட்டுச் சூட்டை இறக்குங்கள்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘படபட’ என்று வெடிக்கும் சத்தத்தையும் ஃபைலில் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பெட்ரோலை வேண்டுமென்றே எக்சாஸ்டுக்குள் எரியவிட்டுத்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும். போகிற வழி சேர்வராயன் மலைக்காடு, காட்டெருமைகள் சாலையைக் கடக்கும் இடம். கோடையில் சருகெல்லாம் காய்ந்து கிடக்கும். அங்கே அந்தச் சத்தமும் தீயும் நமக்கு வேண்டவே வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடமுண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அதற்கான எச்சரிக்கை விளக்கை ஃபைலில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால், வேறு எதற்கும் முன்னால் அதைத் திரும்பப் போடுங்கள்.

டியூனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், ரெடிமேட் ஃபைல் வேண்டாம். உங்கள் இன்டேக், 95 ரான் பெட்ரோல், சேலத்து வெயில் மூன்றையும் சொல்லி எழுதித் தரும் டியூனரைப் பிடியுங்கள். நாக் சென்சாரின் உணர்திறனைக் குறைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். காதில் கேட்கும் அளவுக்குச் சத்தம் வருகிறது என்றால் பழைய ஃபைலில் அப்படிச் செய்திருக்கவும் வாய்ப்புண்டு. முழு ஆக்சிலரேட்டர் சோதனை டைனோவில் மட்டும் நடக்கட்டும், தொப்பூர் சாலையிலோ மலையிலோ வேண்டாம். மார்கழியில் டைனோவில் ஏற்றி ‘எல்லாம் சரி’ என்று வாங்கிவந்தால், சித்திரையில் மறுபடியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே கடைசிச் சோதனையை வெயில் காலத்தில் வையுங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கோரிமேட்டிலிருந்து கிளம்பி, காரின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியில் பதிவை ஓடவிட்டு, சாதாரணமாக ஓட்டியே ஏற்காடு ஏறுங்கள். அந்தப் பதிவில் பொறி எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டது, இன்டேக் காற்றின் வெப்பம், கூலன்ட் வெப்பம், கியர் ஆயில் வெப்பம், பெட்ரோல் திருத்தம் ஐந்தும் இருக்கட்டும். நீண்டகாலப் பெட்ரோல் திருத்தம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஐந்து சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவையும் சென்சாரையும் முதலில் பார்க்க வேண்டும். அதே வளைவுகளில் மறுபடியும் நாக் பதிவானால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள், பொறி விடும் நேரத்தை இன்னும் இரண்டு டிகிரி பின்னால் தள்ளித் தரக் கேளுங்கள்.