கேளுங்க மிஸ்: மூன்று மணிக்கூடும் ஒரு கேத்தலும்

(மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் 34 வருசம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, இருந்து ஓய்வுபெற்றவர், ஆரையம்பதியிலிருந்து வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

மிஸ், போன மார்கழி இதழில் "அடுத்த வருசம் பென்சன், பிறகு சும்மா இருக்கப்போகிறேன்" என்று எழுதினீர்கள். சும்மா இருந்தீர்களா?
வாசகி, பெரியகல்லாறு

எங்கே தங்கச்சி இருக்க விட்டார்கள்! தைப்பொங்கல் கழிந்து பதினோராம் நாள் விடியப்புறம் அம்மா போயிட்டா. 87 வயது. நோய் நொடி என்று கிடக்கவில்லை. ராத்திரி பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, "புள்ள, லைட்டை நூரு" என்றா. அவ்வளவுதான். நான் கையைத் தொட்டுப் பார்த்ததும் முதலில் செய்த வேலை மணிக்கூட்டைப் பார்த்தது. 4.10. யாருக்கும் சொல்லி அழுவதற்கு முதல் அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்தால் நேரத்தைக் குறிக்கிற கை, அது வேறு என்ன செய்யும்? பிறகு கிராம சேவகர் வந்து, வீட்டில் நடந்த சாவு என்று விசாரித்தபோது, "நேரம் சரியாகத் தெரியுமா?" என்றார். துண்டை நீட்டினேன்.

சித்திரையில் எனக்கு 60 முடிந்தது. கிளினிக்கில் கேக் வெட்டினார்கள், பேசினார்கள், சுவர் மணிக்கூடு தந்தார்கள். தாய்மார் சங்கமும் ஒரு மணிக்கூடு. கூட வேலை செய்த பிள்ளைகளும் ஒரு மணிக்கூடு. இனிப் போக இடமில்லாத ஆளுக்கு எதற்கு மூன்று மணிக்கூடு? மூன்றும் மூன்று நேரம் காட்டுகிறது, நான் திருத்தவில்லை. அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது தராசைக் கையளித்ததுதான். கொக்கியில் கொழுவி, பிள்ளையைக் காற்சட்டைப் பையில் இருத்தி நிறுப்போமே, அந்தத் தராசு. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஆற்றைக் கடந்தேன். சில நாள் பாதையும் ஓடாது, திரும்பி வரவும் ஏலாது, அந்தக் காலம் உங்களுக்கும் தெரியும்.

வைகாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு போன். அம்பிளாந்துறைப் பிள்ளை ஒன்று. "மிஸ், தண்ணி உடைஞ்சிட்டு." இடப்பக்கம் சரிந்து படு, 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டுப் பார்த்தால், கையில் ஸ்கூட்டர் திறப்பு. இவர் கதவடியில் நின்று, "உன்ட ஏரியா இல்லகா இப்ப" என்கிறார். உண்மைதான். காலையில் புதிய மிஸ் போட்டோ அனுப்பினா. 2 கிலோ 900, பெண்பிள்ளை. அன்றைக்குத்தான் நான் பென்சன் எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனியில் கதிர்காமம் நடந்தேன். ஐப்பசியில் அண்ணன். அதைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அடுத்த வருசம் நான் ஓய்வுபெறுகிறேன். இப்போதே என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
அரச ஊழியர், வாழைச்சேனை

உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பகிடி இல்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நியமனக் கடிதம், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே ஆள்தானா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிறப்பு விபரம் சரியாகப் பதிந்து கொடுத்தவள் நான். என்னுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து இல்லை! 60 வருசமாக ஒருவரும் காணவில்லை, பென்சன் கோவையைப் பார்த்த பொடியன் கண்டுபிடித்தான். அதைத் திருத்தி முடிக்க இரண்டு மாதம், காசும் இரண்டு மாதம் பிந்தியது. ஒரு கந்தோருக்குப் போனால் மற்றக் கந்தோர், அங்கே போனால் பழைய கந்தோர். யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் ஒரு வருசத்துக்கு முதலே தொடங்குங்கள். 2023இலிருந்து 60க்கு 60தான், முந்தி மாதிரி நீட்டித் தரமாட்டார்கள்.

பெண் உத்தியோகத்தர் என்றால் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் கோவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அது. தபுதாரர் என்றால் என்ன என்று இவர் கேட்டார். "நான் செத்தா உங்களுக்கு வாற காசு" என்றேன். அன்று தொடக்கம் என் பிரஷர் குளிசையை அவர்தான் எண்ணித் தருகிறார். கூட்டித் தருகிறாரா குறைத்துத் தருகிறாரா என்று நானும் எண்ணுகிறேன்.

பென்சன் எடுத்து மூன்று மாதம். நான் குசினிக்குள் நின்றாலே மனைவிக்குக் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், அக்கரைப்பற்று

குசினியை விட்டு வெளியே வாருங்கள் சேர். 35 வருசம் உங்கள் வகுப்பில் அவ வந்து நின்று, "அந்தக் கணக்கை இப்படிச் செய்யுங்கோ" என்று சொன்னாவா?

அம்மா மோசம் போய் நாலு மாதம். அவ சீலைகள் அலுமாரியில் அப்படியே இருக்கின்றன. திறந்தால் அழுகை வருகிறது. கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுக்க மனமில்லை.
பெயர் வேண்டாம், செங்கலடி

மகள், நாலு மாதம் ஒரு காலமே இல்லை. அவசரப்படுத்துகிறவர்களுக்கு அலுமாரி தேவையோ தெரியாது.

நான் ஆட்டைத் திவசத்துக்கு முதல் தொடமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆவணியில் கரையான் வந்தது, அலுமாரியின் காலில். எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் போட்டு எண்ணினேன். 23 சீலை. பட்டு நாலு. நைலெக்ஸ் பத்து, அதில் இரண்டு என்னுடையதே, களவாக வைத்திருக்கிறா! மிச்சம் ஒன்பதும் மருதமுனைக் கைத்தறி. அம்மா வேறு கடைக்குப் போகமாட்டா, மருதமுனைக்கே பஸ் ஏறிப் போய், தறியடியில் நின்று, கரையின் நிறத்துக்கு ஒரு மணித்தியாலம் வாதாடி வாங்குவா. தோய்த்துத் தோய்த்து அது பிள்ளையின் காதுச் சோணை மாதிரி மென்மையாகிவிடும்.

பட்டு பேத்திகளுக்குப் போனது. கைத்தறியில் ஏழு சீலையைக் கிழித்தேன். ஆம், கிழித்தேன். புதுப்பிள்ளைக்குப் பழைய பருத்திச் சீலையைப் போல ஒன்று எந்தக் கடையிலும் இல்லை என்று 34 வருசம் எல்லாத் தாய்மாருக்கும் சொன்னவள், என் வீட்டுச் சீலையைப் பூட்டி வைத்தால் எப்படி? துணித்துண்டாக மடித்து, எங்கள் ஒழுங்கையில் வயிற்றோடு இருந்த மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒரு முழுச் சீலை இப்போது அடுத்த வளவில் ஏணையாகத் தொங்குகிறது, நீலக்கரை. வேலிக்கு மேலால் தெரியும். (பட்டிலும் நைலெக்ஸிலும் ஏணை கட்டாதீர்கள், முடிச்சு வழுக்கும். இதை எத்தனை வீட்டில் சொல்லி அவிழ்க்க வைத்திருக்கிறேன்!) ஒன்றை மட்டும் தோய்க்காமல் வைத்திருக்கிறேன். அது என் பாடு.

நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. கரையானை மட்டும் பாருங்கள்.

எனக்கு 58 வயது, சீனி வருத்தம் உண்டு. கதிர்காமம் காட்டுப்பாதையால் நடக்க ஆசை. நீங்கள் நடந்தீர்களாமே?
வாசகி, களுவாஞ்சிகுடி

முழுவதும் நடந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். அண்ணன் கலியாணம் கட்டித் தம்பிலுவிலுக்குப் போனவர், அதனால் திருக்கோவில் சித்திரவேலாயுதர் வாசலில் கும்பிட்டுவிட்டு அங்கேயே நடையைத் தொடங்குவார். பஸ் ஓட்டி ஓய்ந்த மனிசன், "இருந்து போன தூரத்தையெல்லாம் நடந்து கழிக்கணும்" என்பார். 11 தரம் போனவர். நான் பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பாணமை தாண்டி உகந்தை. கடலுக்குப் பக்கத்தில் குன்றும் கோயிலும். அங்கே பெயர் பதிந்துவிட்டுக் குமனைக் காட்டுக்குள் இறங்க வேண்டும். பாதை திறக்கிற நாளை ஒவ்வொரு வருசமும் அறிவிப்பார்கள், அதற்கு முதல் போய் நின்று பிரயோசனமில்லை.

வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, பிறகு யாலை. ஐந்தாறு நாள் பிடிக்கும். காடு என்றதும் நிழல் என்று நினைக்காதீர்கள், வெட்டைகள் உச்சி வெயிலில் அடுப்பு. விடியச் சாமம் எழும்பி, ஒன்பது பத்து மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். குமுக்கன் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணி எடுத்தோம். அந்தத் தண்ணியின் ருசிக்கு நான் இன்னொருமுறை போவேன்.

உங்கள் சீனிக்கு வருவோம். ஊசி போடுகிறவர் என்றால் டொக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது. நாள் முழுக்க நடந்தால் சீனி இறங்கும், அளவை மாற்ற வேண்டி வரும். இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் மடியிலேயே இருக்க வேண்டும், பொதிக்குள் அல்ல. செருப்புப் போடுங்கள். வெறுங்காலோடு போவதுதான் நேர்த்தி என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள். சீனிக்காரரின் காலில் முள் ஏறினாலும் தெரியாது. ராத்திரி டோர்ச் அடித்து, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள். முருகன் செருப்பைக் கண்டு கோபித்ததாக நான் கேள்விப்படவில்லை, காலை எடுத்த ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் எல்லாரும் சாமிதான். ஆண் சாமி, பெண் சாமி, பிள்ளைச் சாமி. 60 வருசமாக என்னை "அடியே", "இஞ்ச வா" என்று கூப்பிட்ட அண்ணன், உகந்தை தாண்டியதும் "வாங்க சாமி, இருங்க சாமி, தேத்தண்ணி குடிங்க சாமி" என்கிறார். முதல்நாள் எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. மூன்றாம் நாள் பழகிப்போனது. கேத்தல் எப்போதும் அவர் தோளில், கைபிடிக்குக் கம்பி சுற்றிய கறுத்தக் கேத்தல். வெட்டையில் நாலைந்து தரம் நின்று, "நீங்க நடங்க சாமி, கைபிடி ஆடுது, கம்பிய இறுக்கிட்டு வாறன்" என்று பின்தங்கினார். நாங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு முன்னால் போனோம்.

மட்டக்களப்பில் மீன் உண்மையாகப் பாடுமா?
ஆண்டு 7 மாணவன், கண்டி

மீனா, ஊரி என்கிற நத்தையா என்று இங்கேயே வழக்கு முடியவில்லை, மகன். ஆனால் சத்தம் உண்மை. முழுநிலாவில், கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைக்க வேண்டும். பத்து வயதில் அண்ணன் கூட்டிப்போய்க் காட்டினார். தூரத்தில் யாரோ தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது மாதிரி இருந்தது. இப்போது என்ஜின் தோணி ஓடுகிறபடியால் காத்திருக்கத்தான் வேணும்.

உங்கள் அண்ணனின் செய்தி அறிந்து கவலைப்பட்டோம். எப்படி இருக்கிறீர்கள்?
பல வாசகர்கள்

எல்லாருக்கும் நன்றி. எழுதினவர்களுக்குத் தனித்தனியே பதில் போட ஏலவில்லை.

ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை. விடிய நெஞ்சு எரிகிறது என்று மச்சாளிடம் சொல்லியிருக்கிறார். வாய்வாக்கும் என்று இஞ்சி இடித்துக் குடித்திருக்கிறார். குடித்துவிட்டு வளவுக்குள் விழுந்த தென்னோலை இழுக்கப் போயிருக்கிறார். எனக்கு ஒரு போன் இல்லை. அடித்திருந்தால் 1990க்கு அடி என்றுதான் சொல்லியிருப்பேன், அந்தப் பிள்ளைக்குச் சொன்ன மாதிரி. இதை வாசிக்கிற ஆண்கள், 50 தாண்டியவர்கள், இஞ்சியைக் கறிக்குப் போடுங்கள். நெஞ்சில் நோவென்றால் அம்புலன்ஸ்.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் கிரியை நவம்பர் 27ஆம் தேதி விழுந்தது. டித்வா புயல் நேரம். நான் இரண்டு நாள் முதலே தம்பிலுவிலுக்குப் போய்விட்டதால் இருந்தேன். 80 பேருக்கு என்று மரக்கறி வாங்கி வைத்திருந்தோம். மழை விடவில்லை, கரண்டும் போய்விட்டது, போன் வேலை செய்யவில்லை. வந்தது 11 பேர். குத்துவிளக்கு வெளிச்சத்தில் படையல் வைத்தோம். சோறு கறியெல்லாம், வீட்டுக்குள் தண்ணி வந்த அயலட்டைக்குப் போனது, பொடியன்மார் சருவத்தில் வைத்துத் தலையில் தூக்கிப் போனார்கள். அவருக்கு அது பிடித்திருக்கும், ஆட்களைக் காக்க வைக்கிறது அவருக்குச் சரிவராது.

தண்ணி வடிந்து நான் வெளிக்கிடும்போது மச்சாள் கேத்தலைக் கொண்டுவந்து தந்தா. "உங்களோடதான கடைசியாப் போனது, நீங்க வெச்சிருங்க" என்றா. வீட்டுக்குக் கொண்டுவந்து, கரி போகத் தேய்த்துக் கழுவினேன். கைபிடியில் கம்பி எட்டுச் சுற்று, குறடு போட்டு முறுக்கி, நுனியை உள்ளே மடித்து விட்டிருக்கிறார். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இவரையும் கூப்பிட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னேன்.

ஆடவேயில்லை.