நூல் முதலா, பிரஸ் முதலா?

பல்லும் முரசும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகன் பல்லிடை துப்புரவாக்கும் நூல், அதுதான் புளொஸ், ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தான். பல் தீட்டி முடித்த பிறகுதான் அதைப் போட வேண்டும் என்கிறான். மருமகள் முதலே போடச் சொல்கிறாள். யார் சொல்வது சரி?
(வாசகி, பரந்தன்)

பதில்: இந்தமுறை மருமகள் பக்கம்தான் நியாயம். பிரஸ் பல்லின் வெளிப்பக்கத்தையும் நாக்குப் பக்கத்தையும் கடிக்கும் பரப்பையும் துலக்கும். இரண்டு பற்கள் ஒட்டி நிற்கிற இடத்துக்குள் அதன் நார் போகாது. அங்கே படிந்திருப்பதை நூல் முதலில் கிளறிவிட்டால், பின்னால் வரும் பிரஸ் அதை வாரிக்கொண்டு போகும். சூத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கும் புளோரைட்டும் திறந்த இடைக்குள் இறங்கும். இரணைமடுவில் தண்ணீர் திறக்க முதல் வாய்க்காலைத் துப்புரவாக்குகிறோம் அல்லவா, கணக்கு அதுதான்.

ஈரானில் 25 பல் மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நூலை முதலில் போட்டபோது பல்லிடை அழுக்குப் படலம் கூடுதலாகக் குறைந்தது. அங்கே தங்கிய புளோரைட்டும் கூடியது. 25 பேர் என்பது சின்னக் கணக்கு. எந்த வரிசையிலும் செய்யலாம், ஒழுங்காகச் செய்தால் சரி என்பதே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. மகனுக்கு அந்த அளவு நியாயம் உண்டு.

ஆனால் நடைமுறையில் இன்னொரு காரணம் இருக்கிறது. நூல் போட்டதும் வாய் கொப்பளிக்கத்தான் தோன்றும். கடைசியில் நூல் போடுகிறவர் அப்படிக் கொப்பளிக்கும்போது, பற்பசை பல்லில் விட்டுச்சென்ற புளோரைட்டையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார். எனவே இரவு படுக்க முதல் நூல், கொப்பளிப்பு, பிறகு 2 நிமிடம் பிரஸ். நுரையைத் துப்பியதோடு நிறுத்துங்கள், தண்ணீர் வேண்டாம். காலையில் பிரஸ் மட்டும் போதும்.

போடும் விதம் பிழைத்தால் வரிசை பார்த்துப் பயனில்லை. சுமார் 45 சென்ரிமீற்றர் நூல் எடுங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பகுதியை ஒரு கையின் நடுவிரலிலும் மிச்சத்தை மறுகையின் நடுவிரலிலும் சுற்றி, நடுவில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் இறுக்கமாகப் பிடியுங்கள். பற்கள் முட்டும் இடத்தில் வாள் இழுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்க வேண்டும். ‘டக்’கென்று அமுக்கினால் நூல் நேரே முரசில் போய் வெட்டும், முதல்நாளே பலர் கைவிடுவது இதனால்தான். இறங்கியதும் நூலை ஒரு பல்லைச் சுற்றி அரைவட்டமாக அணைத்து, முரசின் விளிம்புக்குச் சற்று உள்ளிருந்து பல்லின் நுனியை நோக்கி நாலைந்து தடவை இழுங்கள். அதே இடையில் பக்கத்துப் பல்லையும் அப்படியே. எல்லோரும் விடுவது இந்த இரண்டாவது பல்லைத்தான். அடுத்த இடைக்குப் போகும்போது நூலின் புதுப் பகுதியைச் சுழற்றி எடுங்கள். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

நூல் சிக்கினால் பறிக்காதீர்கள். ஒரு நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நார்நாராகப் பிய்ந்தால் அங்கே சூத்தையோ, இறுகிய காரையோ, விளிம்பு உடைந்த அடைப்போ இருக்கலாம். பல் வைத்தியரிடம் அந்த இடத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி: நூல் போட்டால் இரத்தம் வருகிறது. நிறுத்தட்டா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: நிறுத்த வேண்டாம். பல இடங்களில் கசிந்தால் பெரும்பாலும் முரசு வீங்கியிருக்கிறது என்று பொருள். அழுக்குத் தங்கியதால் வந்த வீக்கம். நாளாந்தம் மெதுவாகச் செய்தால் ஓரிரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால், சீழ் வந்தால், பல் ஆடினால் கிளினிக்குக்குப் போங்கள். சலரோகம் உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பக்கக் கடைகளில் புளொஸ் இல்லை. தையல் நூல், ஈர்க்கு பாவிக்கலாமா? அம்மா வெற்றிலை போடுவா, பாக்குத் துண்டு இறுகினால் ஈர்க்குத்தான் தேடுவா.
(வாசகி, நெடுங்கேணி)

பதில்: தையல் நூல் மெல்லியது, முறுக்கியது, முரசை அறுக்கும், இடையில் அறுந்து தங்கும். ஈர்க்கின் சிராய் முரசுக்குள் ஏறினால் புண்ணாகும். முரசு இறங்கி இடைவெளி விழுந்த அம்மாவுக்கு நூலைவிடப் பல்லிடைச் சின்னப் பிரஸ்தான் நல்லது. நகரத்துப் பாமசிகளில் பல அளவுகளில் கிடைக்கும். தள்ளாமலே போக வேண்டும், ஆனால் இரு பக்கமும் உரச வேண்டும். அதுதான் சரியான அளவு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எவ்வளவு துப்புரவாக்கினாலும் அந்த ஆபத்து போகாது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கூட்டிச்செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றில் புளோரைட்டு கூட என்கிறார்கள். மகனுக்கு 5 வயது. பற்பசையிலும் புளோரைட்டு, நிறுத்தவா?
(வாசகர், வவுனியா)

பதில்: பசையை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். இரண்டு புளோரைட்டும் வேலை செய்யும் வழி வேறு. பசையிலுள்ளது பல்லின் மேற்பரப்பில் நின்று சூத்தையைத் தடுக்கிறது. குடிக்கும் நீரில் உள்ளது கூடினால், முரசுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைப் பாதிக்கிறது. வெள்ளைக் கோடு, கபிலத் திட்டு இவை எல்லாம் ஏறத்தாழ 8 வயதுக்குள் குடித்ததன் விளைவு. உமிக்கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, பல்லின் மேலோடான மிளிரிதான் தேயும்.

இலங்கையில் குடிநீருக்கான உச்ச வரம்பு லீற்றருக்கு 1 மில்லிகிராம். கிணற்று நீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு ஏறும். வரம்பு தாண்டியிருந்தால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் புளோரைட்டை நீக்கும் வடிகட்டியில் வடித்த நீரோ மழைநீரோ எடுங்கள்; குளிக்கக் கிணறு போதும். பசை 3 வயதுக்குள் அரிசி மணியளவு, 3 முதல் 6 வரை பட்டாணியளவு. விளம்பரத்தில் பிரஸ் முழுக்க அலைபோல் பிதுக்குவது பசை விற்பதற்கு. மகன் விழுங்காமல் துப்பும்வரை பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு பற்கள் முட்டத் தொடங்கியிருந்தால் அவனுக்கும் நூல் போடலாம், போடுவது உங்கள் கை.